மனசு சரியில்ல, டாக்டர பாக்கணும்: ஜி.எச்.சா, பிரைவேட்டா, ஆன்லைனா, 14416 ஹெல்ப்லைனா? கே, லெஸ்பியன், பைன்னு நம்ம ஆளுங்களுக்கு எது சரிவரும்

போன மாசம் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு தம்பி மெசேஜ் பண்ணான். "அண்ணா மூணு வாரமா தூக்கமே இல்ல, சாப்பாடு இறங்க மாட்டேங்குது, க்ளாஸ்ல உக்காந்தா காரணமே இல்லாம அழுகை வருது, யாராவது டாக்டர பாக்கணும்ண்ணா, ஆனா யார்கிட்ட போறது, நான் கேன்னு சொல்லணுமா வேணாமா, சொன்னா வீட்டுக்கு போன் பண்ணிடுவாங்களா." 21 வயசு பையன், கே, அதாவது ஆம்பளைங்க மேல விருப்பம் உள்ளவன். வீட்ல இருந்தே காலேஜ் போறவன், கையில மாசம் ஆயிரம் ரூபா தேறாது.

அன்னைக்கு ராத்திரி அவன்கூட மூணு மணி வரைக்கும் பேசிட்டு இருந்தேன். அப்புறம் யோசிச்சேன், இதே கேள்விய 2017ல நான் வச்சிருந்தப்போ பதில் சொல்ல ஒரு ஆள் இல்ல. எனக்கு இப்ப 36 வயசு, திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், கே. பிரைவேட் டாக்டர், ஜி.எச்., ஆன்லைன் கவுன்சிலிங், ஹெல்ப்லைன் எல்லாத்துலயும் ஏறி இறங்கி இருக்கேன். அவனுக்கு சொன்னத இன்னும் கொஞ்சம் விவரமா இங்க எழுதறேன், கே, லெஸ்பியன் (பொண்ணுங்க மேல விருப்பம் உள்ள பொண்ணுங்க), பை (ஆண் பெண் ரெண்டு பேர் மேலயும் விருப்பம் உள்ளவங்க) யாரா இருந்தாலும் முதல் தடவ எங்க போறதுன்னு முழிச்சிட்டு நிக்கிறவங்களுக்கு இது உதவணும்.

ஒண்ண முதல்லயே சொல்லிடறேன். கேயா இருக்கிறது, பையா இருக்கிறது நோய் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17லயே நோய் பட்டியல்ல இருந்து அத எடுத்துட்டாங்க, இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018ல இது மனநோய் இல்லன்னு தெளிவா சொல்லிட்டாங்க. அப்ப நாம டாக்டர்கிட்ட எதுக்கு போறோம்னா தூக்கம் வராததுக்கு, பயத்துக்கு, நெஞ்சு படபடப்புக்கு, செத்துடலாம்னு வர்ற நினைப்புக்கு. பதினாலு பதினஞ்சு வயசுல இருந்து ஒளிச்சு ஒளிச்சு வாழறது, பொண்ணு பாக்குற பேச்சு ஆரம்பிக்கிறப்போ வயித்த கலக்குறது, கூட இருந்தவன் கல்யாணம் ஆகி போறது, இதெல்லாம் சேர்ந்து உடம்ப அடிக்குது. அதுக்கு வைத்தியம் இருக்கு, வேலையும் செய்யுது. இந்த ரெண்டையும் பிரிச்சு பாக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட போய் சேரணும், என்னை பொறுத்தவரை மொத்த தேடலும் இதுக்குத்தான்.

பிரைவேட் மனநல டாக்டர்கிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எனக்கு முதல் அடி விழுந்தது அங்கதான். 2017ல ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல மாடியில இருந்த கிளினிக், ஃபீஸ் 400 ரூபா. மூணாவது தடவ போனப்போதான் தைரியம் வந்து சொன்னேன். அவர் முகத்துல ஒண்ணும் காட்டல, அடுத்த தடவ அம்மாவ கூட்டிட்டு வாங்கன்னு மட்டும் சொன்னாரு. நான் மாத்திரை விஷயமா இருக்கும்னு நினைச்சு திண்டுக்கல்ல இருந்து அம்மாவ வர வச்சேன். என்னை பக்கத்துல உக்கார வச்சுகிட்டே அவர் எல்லாத்தையும் அம்மாகிட்ட சொன்னாரு, கடைசில "ஒரு கல்யாணத்த பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்"னு முடிச்சாரு. அம்மா சேலை முந்தானைய விரல்ல சுத்தி சுத்தி அவுத்துகிட்டே இருந்தாங்க. திரும்பி வர்ற பஸ்ல தாராபுரம் தாண்டற வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசல, அப்புறம் "தண்ணி குடிக்கிறியா"ன்னு கேட்டாங்க. அவ்ளோதான். அதுக்கப்புறம் நான் நாலு வருஷம் எந்த டாக்டர்கிட்டயும் போகல, போயிருக்கணும், அந்த நாலு வருஷம் ரொம்ப மோசமான வருஷம்.

இப்ப நிலைமை வேற, அத அந்த தம்பிகிட்டயும் அழுத்தி சொன்னேன். மனநல பராமரிப்பு சட்டம் 2017ன்னு ஒண்ணு இருக்கு, நடைமுறைக்கு வந்தது 2018ல. அதுல 23வது பிரிவு, நீங்க டாக்டர்கிட்ட சொல்றது ரகசியமா இருக்கணும்னு சொல்லுது. 18 வயசு ஆயிடுச்சுன்னா உங்க சம்மதம் இல்லாம அப்பா அம்மாவுக்கு போன் போட்டு "உங்க பையன் இப்படி"ன்னு சொல்லக்கூடாது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில விஷயங்களுக்குத்தான் விதிவிலக்கு, அதுவும் தேவையான அளவுக்குத்தான். 18வது பிரிவுல சிகிச்சை குடுக்கிறதுல பாலீர்ப்பு (யார் மேல விருப்பம் வருதுங்கறது) வச்சு பாகுபாடு காட்டக்கூடாதுன்னு நேரடியாவே போட்டிருக்கு. சட்டம் இருக்குங்கறதுக்காக எல்லாரும் ஒழுங்கா நடந்துக்குவாங்கன்னு நான் சொல்லல, ஆனா உள்ள நுழையும்போதே "டாக்டர், நான் சொல்றது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கணும், வீட்டுக்கு சொல்ல எனக்கு சம்மதம் இல்ல, இத ஃபைல்ல எழுதிக்கங்க"ன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. நான் இப்ப யாரையும் புதுசா பாத்தா முதல் வார்த்தையே இதுதான்.

பிரைவேட்டோட பலம் என்னன்னா நேரம். நல்ல டாக்டர் முதல் தடவை அரை மணி நேரம் குடுப்பாரு, சாயங்காலம் வேலை முடிச்சு போகலாம், ஒரே டாக்டரையே ஒவ்வொரு தடவையும் பாக்கலாம். பலவீனம் காசு, அப்புறம் சின்ன ஊர்ல வெயிட்டிங் ஹால்ல மாமா பையன் உக்காந்திருப்பான். சொந்த ஊர்ல பாக்காதீங்க, பக்கத்து ஊருக்கு பஸ் ஏறுங்க. அதே மாதிரி சின்ன வயசுல இருந்து காய்ச்சலுக்கு ஊசி போட்ட குடும்ப டாக்டர்கிட்ட இத முதல்ல கொண்டு போகாதீங்க, அவர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும் அவர் மனசுல உங்கப்பாதான் அவரோட பேஷண்ட், நீங்க அவரோட பையன்.

2022ல ரெண்டாவது தடவ பிரைவேட் தேடினப்போ ஒரு வழி கண்டுபிடிச்சேன். மதிய சாப்பாட்டு நேரத்துல பைக்க நொய்யல் பாலத்துக்கு பக்கத்துல ஓரம் கட்டிட்டு நாலு கிளினிக்குக்கு போன் பண்ணேன், டாக்டர்கிட்டயே ரெண்டு நிமிஷம் பேசணும்னு கேட்டேன். லைன்ல வந்ததும் ஒரே கேள்விதான், "டாக்டர், எனக்கு ஆம்பளைங்க மேலதான் விருப்பம், இத மாத்த முடியுமா?" எனக்கு மாத்திக்கிற எண்ணம் துளியும் இல்ல. ஆனா அந்த ஒரு கேள்விக்கு வர்ற பதில்லயே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். ஒருத்தர் "ட்ரை பண்ணலாம், நாலஞ்சு சிட்டிங் ஆகும்"னாரு. ஒருத்தர் நேர்ல வாங்க பேசலாம்னாரு. ஒரு இடத்துல ரிசப்ஷன்லயே நிறுத்திட்டாங்க. நாலாவது ஒரு அம்மா, "அத எதுக்குப்பா மாத்தணும், அது நோய் இல்லையே, உனக்கு இப்ப என்ன கஷ்டம் அத சொல்லு"ன்னு கேட்டாங்க. வண்டி மேல உக்காந்தே அழுதுட்டேன். அவங்ககிட்டதான் இன்னைக்கு வரைக்கும் போறேன், ஃபீஸ் 600.

அந்த "ட்ரை பண்ணலாம்" ஆட்கள பத்தி கொஞ்சம் பேசணும், ஏன்னா உயிர் போற ஆபத்து அங்கதான் இருக்கு. 2021 ஜூன் 7ல மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு உத்தரவு போட்டாரு. மதுரையில இருந்து வீட்டுக்கு பயந்து சென்னைக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க பாதுகாப்பு கேட்டு போட்ட கேஸ் அது. அந்த நீதிபதி தனக்கு இந்த விஷயம் சரியா புரியலன்னு சொல்லி, தானே ஒரு உளவியலாளர்கிட்ட போய் உக்காந்து கத்துகிட்டு வந்து அப்புறம்தான் தீர்ப்பு எழுதினாரு. மருத்துவம்ங்கற பேர்ல பாலீர்ப்ப மாத்த முயற்சி பண்றத தடை பண்ணி, மீறி பண்றவங்க லைசன்ஸ் மேல கை வைக்கணும்னு சொன்னாரு. அதத் தொடர்ந்து 2022 ஆகஸ்ட்ல தேசிய மருத்துவ ஆணையம் எல்லா மாநில கவுன்சிலுக்கும் எழுதி, இது தொழில் ஒழுங்கீனம்னு சொல்லிட்டாங்க. அதனால ஒரு எம்.பி.பி.எஸ். எம்.டி. டாக்டர் உங்கள மாத்துறேன்னு ஆரம்பிச்சா தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில்ல புகார் குடுக்கலாம், அவருக்கு இழக்கிறதுக்கு ஒரு லைசன்ஸ் இருக்கு.

ஆனா "லைஃப் கோச்", "ஹிப்னோ", "குடும்ப நல ஆலோசகர்"னு போர்டு மாட்டினவங்களுக்கும், பேப்பர்ல இன்ன தேதி இன்ன லாட்ஜ்ல சந்திக்கலாம்னு விளம்பரம் குடுக்கிற ஆண்மை வைத்தியருக்கும், ஜெபம் பண்ணி விடறேன் மந்திரிச்சு விடறேன்னு சொல்றவங்களுக்கும் பெரும்பாலும் அந்த மாதிரி எந்த கவுன்சிலும் மேல இல்ல. வீட்ல பெரும்பாலும் முதல்ல கூட்டிட்டு போறதும் இவங்ககிட்டதான். ஒப்பீட்டுல இந்த வழிக்கு நான் இடமே குடுக்கல. வீட்ல கட்டாயப்படுத்தினா, "சரி, டாக்டர்கிட்டயே போகலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு போகலாம்"னு சொல்லி படிச்ச மனநல டாக்டர் பக்கம் திருப்பி விடுங்க. அங்க "இது நோய் இல்ல"ன்னு வெள்ளை கோட் போட்டவர் வாயால அப்பா அம்மா கேக்கறதுக்கு ஒரு சான்ஸாவது இருக்கு.

இப்ப ஜி.எச். எல்லாருக்கும் அங்க போக பயம், எனக்கும் இருந்துச்சு. 2021ல லாக்டவுன்ல வேலை போயி கையில காசில்லாம போனதாலதான் போனேன். காலையில ஏழரைக்கே வரிசை. ஓ.பி. சீட்டு போட்டுட்டு மனநலப் பிரிவு வாசல்ல உக்காந்தா, பக்கத்துல ஒரு தாத்தா, ஒரு கைக்குழந்தைக்காரி, குடிய நிறுத்த வந்த ஒரு அண்ணன். யாரும் யாரையும் பாக்கல. அட்டெண்டர் பேர கத்தி கூப்பிடறாரு, அது மட்டும் கூச்சமா இருந்துச்சு. உள்ள ஒரே ரூம்ல மூணு டேபிள், மூணு டாக்டர், பி.ஜி. படிக்கிற பசங்க வேற, பக்கத்து டேபிள்ல பேசறது எனக்கு கேக்குது, அப்ப நான் பேசறது அவங்களுக்கு கேக்கும். எனக்கு கிடைச்சது அஞ்சு நிமிஷம் இருக்கும். நான் கேன்னு அன்னைக்கு சொல்லல. தூக்கமில்ல, சாக தோணுது, மூணு கிலோ குறைஞ்சிட்டேன், இவ்ளோதான் சொன்னேன். அந்த சின்ன வயசு டாக்டர் பேனாவ கீழ வச்சுட்டு "எப்ப இருந்து தோணுது, எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா"ன்னு நேரா கேட்டாரு. 2017ல 400 ரூபா குடுத்து பாத்தவர் ஒரு தடவ கூட கேக்காத கேள்வி அது. மாத்திரை எழுதினாரு, ஃபார்மஸில ஒரு பைசா இல்லாம குடுத்தாங்க.

ரெண்டாவது தடவ போனப்போ வேற டாக்டர். இதுதான் ஜி.எச்.சோட குறை, கதைய முதல்ல இருந்து சொல்லணும், சீட்டுல எழுதினத வச்சுதான் அவங்களுக்கு உங்கள தெரியும். மூணாவது தடவ, தனியா பேசணும்னு கேட்டேன், சோஷியல் ஒர்க்கர் ரூமுக்கு அனுப்பினாங்க, அங்க கதவ சாத்திட்டு சொல்ல முடிஞ்சது. கேட்டா கிடைக்குது, கேக்கணும் அவ்ளோதான். பெரிய ஜி.எச். தூரம்னா மாவட்ட மனநலத் திட்டத்துல டாக்டருங்க தாலுகா ஆஸ்பத்திரிக்கு குறிப்பிட்ட நாள்ல வர்றாங்க, எந்த நாள்னு விசாரிச்சுட்டு போங்க.

மாத்திரை பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா இதுல நிறைய பேர் பாதில விட்டுடறாங்க. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் மாதிரி மன அழுத்த மாத்திரைங்க வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டல், வயிறு கலக்கம் இருக்கலாம். பாலியல் ஆசை குறையலாம், சிலருக்கு விந்து வர லேட் ஆகும், அத பாத்து "என்னை மாத்த மருந்து குடுத்துட்டாங்க"ன்னு ஒரு நண்பன் பயந்தே போயிட்டான், அது அந்த மருந்தோட பக்க விளைவு, யாருக்கும் வரும், டாக்டர்கிட்ட வாய் திறந்து சொன்னா டோஸ் மாத்துவாங்க. நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. இன்னொண்ணு, எங்கம்மா சட்டை துவைக்கிறப்போ பாக்கெட்ல இருந்த பாதி அட்டைய எடுத்து மெடிக்கல் ஷாப்ல காட்டி என்ன மாத்திரைன்னு கேட்டுட்டு வந்தாங்க. வீட்ல இருக்கிறவங்க மாத்திரைய எங்க வைக்கிறதுன்னு முன்னாடியே யோசிச்சுக்கங்க, ஆஃபீஸ் டிராயர், நண்பன் ரூம் எதுவா இருந்தாலும்.

கவுன்சிலிங்குக்கு வருவோம். மாத்திரை தூக்கத்த குடுக்கும், ஆனா வீட்ல சொல்லணுமா, கல்யாணத்துக்கு எப்படி மறுப்பு சொல்றது, பிரிஞ்சு போனவன எப்படி மறக்கறது, இதெல்லாம் பேசித்தான் ஆகணும். இதுக்கு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா பெரும்பாலும் எம்.ஃபில். முடிச்சு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் வச்சிருப்பாங்க, அத கேக்கறது தப்பில்ல. வெறும் "கவுன்சிலர்"ங்கற பேர யார் வேணா போட்டுக்கலாம். மும்பைல இருக்கிற மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் நம்ம ஆளுங்கள புரிஞ்சு கவுன்சிலிங் குடுக்கறதுக்குன்னே ஒரு பயிற்சி நடத்தறாங்க, க்யூ.ஏ.சி.பி.ன்னு சொல்வாங்க, அத முடிச்சவங்களா இருந்தா நீங்க பாடம் எடுக்க வேண்டிய வேலை மிச்சம்.

பை ஆளுங்க இதுல கூடுதல் கவனமா இருக்கணும்னு எனக்கு புரிய வச்சது என் தோழி. அவ ஈரோடு, பை, நாலு வருஷமா ஒரு பொண்ணோட இருந்து பிரிஞ்சவ. ஒரு கவுன்சிலர் கதையெல்லாம் கேட்டுட்டு "உங்களுக்குத்தான் ரெண்டும் ஓகேவாச்சே, அப்ப ஒரு நல்ல பையனா பாத்து கட்டிக்க வேண்டியதுதானே"ன்னு சொல்லிட்டாங்களாம். திட்டல, மாத்தறேன்னு சொல்லல, சிரிச்ச முகத்தோட அவ நாலு வருஷத்த இல்லன்னு ஆக்கிட்டாங்க. போன்ல அவ என்கிட்ட, "நான் அழுதது அவளுக்காகடா, அது அவங்களுக்கு ஒரு இழப்பா தெரியவே இல்ல"ன்னா. அதனால என் போன் கேள்விய அவ மாத்தி கேக்கறா, "எனக்கு ஆண் பெண் ரெண்டு பேர் மேலயும் விருப்பம் வரும், இது குழப்பமா?"ன்னு. குழப்பம், போகப் போக சரியாகும்னு பதில் வந்தா வச்சிடறா.

ஆன்லைன் கவுன்சிலிங் சின்ன ஊர்ல இருக்கிறவங்களுக்கு பெரிய வரம், சென்னை பெங்களூர்ல இருக்கிற நல்ல ஆள வீட்ல இருந்தே பாக்கலாம். ஆனா வீட்ல இருந்தேங்கறதுதான் சிக்கல். எங்க வீடுகள்ல ரூமுக்கு கதவு இருந்தாலும் தாழ்ப்பாள் போட்டா கேள்வி வரும். நான் மொட்டை மாடியில தண்ணி டேங்க் பின்னாடி உக்காந்து பேசினேன், மழை வந்தா செஷன் கட். செஷனுக்கு 800, 1000, அதுக்கு மேலயும் போகுது, மாசம் நாலு செஷன்னா என் சம்பளத்துக்கே இடிக்குது. சிலர் காசில்லாதவங்களுக்கு குறைச்சு வாங்குவாங்க, கூச்சப்படாம கேளுங்க. தமிழ்ல பேசறவங்களா பாருங்க, இங்கிலீஷ்ல அழ வராது நமக்கு.

ஹெல்ப்லைன்ல 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, நம்ம ஊர்ல நட்புடன் உங்களோடுன்னு பேர், 24 மணி நேரமும், தமிழ்ல, இலவசம். முதல்ல கவுன்சிலர் பேசுவாங்க, தேவைப்பட்டா டாக்டர்கிட்ட மாத்துவாங்க. நான் பேசினப்போ வேற பேர்தான் சொன்னேன், யாரும் துருவல. எடுக்கிற ஆள பொறுத்து அனுபவம் மாறும், ஒரு தடவ ரொம்ப நல்லா பேசினாங்க, இன்னொரு தடவ கே விஷயம் சொன்னதும் அந்த பொண்ணுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, பாவம், ஆனா தப்பா எதுவும் சொல்லல. ராத்திரி ரெண்டு மணிக்கு கத்திய பாத்துட்டு உக்காந்திருக்கிறப்போ இத விட கிட்ட வேற எதுவும் இல்ல. அந்த நிலைமைல ரகசியம், பொருத்தம் எதையும் யோசிக்காம பக்கத்து ஜி.எச். எமர்ஜென்சிக்கும் போங்க. போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயப்படறவங்களுக்கு, தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்கள கடும் மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு அதே மனநல சட்டத்துல 115வது பிரிவு சொல்லுது.

நம்ம ஆளுங்க அமைப்புகளும் இருக்கு. சென்னைல சகோதரன் 1998ல இருந்து இருக்கு, ஓரினம் தளத்துல தமிழ்லயே படிக்க நிறைய இருக்கு, கவுன்சிலிங், சட்டம் பத்தின தகவலும் கிடைக்கும். சிகிச்சைக்கு மாத்து இல்ல இது. ஆனா நம்ம மாதிரி இன்னொருத்தர் எதிர்ல உக்காந்து டீ குடிக்கறத பாக்கறதே பாதி தூக்கத்த திருப்பி குடுக்கும். எந்த டாக்டர் நல்லவருங்கற தகவலும் அவங்ககிட்டதான் சரியா இருக்கும், எனக்கு அந்த போன் கேள்வி வேலையே மிச்சமாகியிருக்கும், முன்னாடியே கேட்டிருந்தா. சின்ன ஊர் குரூப்ல மட்டும் யார்கிட்ட எவ்ளோ சொல்றோம்னு பாத்துக்கங்க, ஒருத்தர் விஷயம் பத்து பேருக்கு போயிடுது.

எச்.ஐ.வி. பயம் நிறைய பேருக்கு இதோட கலந்தே இருக்கும், தூங்காததுக்கே அதான் காரணமா இருக்கும். அதுக்கு பிரைவேட் லேப்ப விட ஜி.எச்.ல இருக்கிற நம்பிக்கை மையம்தான் என் ஓட்டு. இலவசம், டெஸ்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் உக்கார வச்சு பேசுவாங்க, லேப்ல கவர்ல போட்டு பேப்பர நீட்டுவாங்க அவ்ளோதான். பயப்படற மாதிரி ஏதாவது நடந்து 72 மணி நேரம் ஆகலன்னா டெஸ்ட் இருக்கட்டும், உடனே ஜி.எச். போய் எச்.ஐ.வி. தொத்தாம தடுக்கற பெப் மருந்து கேளுங்க, 28 நாள் சாப்பிடணும். சந்தேகம்னா எச்.ஐ.வி. ஹெல்ப்லைன் 1097க்கு போன் பண்ணலாம். பொண்ணுங்களுக்கு வேற பிரச்சன, மகப்பேறு டாக்டர் "கல்யாணம் ஆயிடுச்சா"ன்னுதான் கேப்பாங்க, இல்லன்னா எந்த டெஸ்டும் வேணாம்னு அனுப்பிடுவாங்க. பொண்ணுங்களோட மட்டும் இருந்தாலும் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனை வேணும், 30 தாண்டினவங்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா பண்றாங்க, கேட்டு வாங்குங்க.

அட்மிட் ஆகற அளவுக்கு போகலாம்னு தோணறவங்க எந்த வழிய எடுத்தாலும் ஒரு வேலைய பண்ணி வைங்க. மனநல சட்டத்துல 14வது பிரிவு, உங்களுக்காக பேசற பிரதிநிதிய நீங்களே நியமிக்கலாம், சொந்தக்காரரா இருக்கணும்னு இல்ல. வெள்ளை பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டா போதும். நீங்க எழுதலன்னா சொந்தக்காரங்கதான் அந்த இடத்துல வந்து நிப்பாங்க. நான் என் தோழி பேர எழுதி ஒண்ணு அவகிட்ட, ஒண்ணு என் டாக்டர் ஃபைல்ல வச்சிருக்கேன்.

சரி, அந்த தம்பிக்கு என்ன சொன்னேன். சம்பாதிக்கிறவனா இருந்திருந்தா, பக்கத்து ஊர் பிரைவேட் டாக்டர், போன் கேள்வி கேட்டுட்டு, கூட மாசம் ரெண்டு கவுன்சிலிங்னு சொல்லியிருப்பேன், என் அனுபவத்துல அதுதான் ரொம்ப நாள் நிக்குது. அவனுக்கு காசும் இல்ல, வீட்ல தனி ரூமும் இல்ல, அதனால ஜி.எச். முதல்ல போ, முதல் தடவ தூக்கத்த மட்டும் சொல்லு, கேன்னு சொல்றது உன் கையில, அவசரமே இல்ல, ரெண்டாவது தடவ தனியா பேசணும்னு கேளு, ராத்திரி தாங்க முடியலன்னா 14416, நானும் போன ஆஃப் பண்ண மாட்டேன்னு சொன்னேன்.

வியாழக்கிழமை காலேஜுக்கு லீவ் போட்டுட்டு போனான். ஒன்பது மணிக்கு ஓ.பி. சீட்டு போட்டோ அனுப்பினான், 43வது ஆளாம். பன்னெண்டே காலுக்கு "அண்ணா பாத்துட்டேன், லேடி டாக்டர், சாப்டியான்னு கேட்டாங்க"ன்னு வந்துச்சு. மாத்திரை பதினஞ்சு நாளைக்கு குடுத்திருக்காங்க. அடுத்த வியாழன் இல்ல, அதுக்கடுத்த வியாழன் திரும்ப வரச் சொல்லியிருக்காங்க, நானும் அன்னைக்கு பர்மிஷன் போட்டிருக்கேன், அவன்கூட வெளிய பெஞ்ச்ல உக்காந்திருப்பேன்.